வாலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர்!
(அமெரிக்காவின் சின்ன விமானக் கம்பெனிகளில் பைலட்டுகள் வாழும் வாழ்க்கை பற்றி ஒரு விளக்கம்)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



"பைலட்" என்றதும் நம் கண்முன் என்ன வருகிறது? வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடி, கை நிறையச் சம்பளம், ஊர் ஊராக நட்சத்திர ஓட்டல். வானத்தில் பறக்கிறவனுக்குத் தரையில் என்ன கவலை என்றுதான் நினைப்போம். ஆனால் உலகத்திலேயே பணக்கார நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பறந்த பைலட் ஒருவர், வருஷம் முழுக்க உழைத்து இருபதாயிரம் டாலர்கூடச் சம்பாதிக்காத காலம் ஒன்று இருந்தது. அது ரொம்பப் பழைய காலம் இல்லை. 

இந்தக் கதையில் வேலை எடுப்பது, சம்பளம், சீனியாரிட்டி, தூக்கம், சட்டம் எல்லாமே வருகிறது. "பைலட் வேலைக்கும் டிப்ளமோ படிக்கிற நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கடைசிவரை படித்தால் சம்பந்தம் தானே தெரியும்.

ஒரே விமானம், இரண்டு முதலாளி

அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் என்று மூன்று பெரிய விமானக் கம்பெனிகள் உண்டு. நியூயார்க்கிலிருந்து சிகாகோ மாதிரிப் பெரிய ஊர்களுக்கு இவர்களுடைய பெரிய விமானங்கள் பறக்கின்றன. ஆனால் சின்னச் சின்ன ஊர்களுக்கு? அங்கே 180 பேர் உட்காரும் விமானத்தை விட்டால் பாதி சீட் காலியாகக் கிடக்கும். அதற்காக 50 முதல் 76 சீட் வரை உள்ள சின்ன ஜெட் விமானங்களை விடுகிறார்கள். கனடா நாட்டுத் தயாரிப்பான சி.ஆர்.ஜே., பிரேசில் நாட்டுத் தயாரிப்பான எம்ப்ரேயர் இ-175 ஆகியவை இந்த வகை.

இந்தச் சின்ன விமானத்தின் வாலைப் பார்த்தால் டெல்டா சின்னம் இருக்கும். பக்கவாட்டில் "டெல்டா கனெக்‌ஷன்" என்று எழுதியிருக்கும். யுனைடெட் என்றால் "யுனைடெட் எக்ஸ்பிரஸ்", அமெரிக்கன் என்றால் "அமெரிக்கன் ஈகிள்". டிக்கெட் விற்பது பெரிய கம்பெனி. விலை வைப்பதும் அவர்களே. ஆனால் உள்ளே ஓட்டுகிற பைலட்டுக்குச் சம்பளம் கொடுப்பது வேறொரு கம்பெனி! ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்டெவர், என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. என்று அவற்றுக்குப் பல பெயர்கள். இவற்றைத்தான் பிராந்திய விமானக் கம்பெனிகள் என்கிறார்கள். இவற்றில் சில, பெரிய கம்பெனியே சொந்தமாக வைத்திருப்பவை. ஸ்கைவெஸ்ட் போன்றவை தனி. யூட்டா மாநிலத்தில் செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்கைவெஸ்ட், நான்கு பெரிய கம்பெனிகளுக்கு விமானம் ஓட்டிக் கொடுக்கிறது.

2010-களில் அமெரிக்காவின் பயணிகள் விமானப் புறப்பாடுகளில் பத்துக்கு நான்கு இந்தப் பிராந்தியக் கம்பெனிகளுடையவைதான். பயணிகளில் பலபேருக்கு இது தெரியவே தெரியாது.

இது எப்படி வந்தது? 1978-இல் அமெரிக்க அரசு விமானத்துறையின் மீதிருந்த கட்டுப்பாட்டை விலக்கியது. எந்த ஊருக்குப் பறப்பது, என்ன கட்டணம் என்பதைக் கம்பெனிகளே முடிவுசெய்யலாம் என்றாகிவிட்டது. பெரிய கம்பெனிகள் சில ஊர்களை மையமாக வைத்து, சைக்கிள் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றியுள்ள சின்ன ஊர்களை இணைத்தன. அந்த ஆரக்கால்களில் ஓடும் வேலையைச் சின்னக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தன.

ஒப்பந்தம் எப்படி? ஒரு நடைக்கு இவ்வளவு என்று பெரிய கம்பெனி கட்டிவிடும். எரிபொருள் செலவும் பொதுவாக அவர்களுடையதே. சீட் நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் சின்னக் கம்பெனிக்கு அதே தொகைதான். அப்படியானால் சின்னக் கம்பெனி லாபம் பார்க்க என்ன வழி? தன் கையில் இருக்கிற செலவைக் குறைக்க வேண்டும். அதில் பெரிய செலவு ஆள் கூலி. யார் குறைந்த கூலிக்கு ஓட்டுகிறானோ அவனுக்கே அடுத்த ஒப்பந்தம். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை பாதி புரிந்த மாதிரிதான்.

76 சீட் என்ற வேலி

"எல்லா விமானத்தையும் சின்னக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டால் இன்னும் மிச்சம்தானே?" என்று கேட்கலாம். பெரிய கம்பெனிகளும் அப்படித்தான் யோசித்தன. அதைத் தடுத்தது பெரிய கம்பெனி பைலட்டுகளின் சங்கம். ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை எழுத வைத்தார்கள். 76 சீட்டுக்கு மேல், அல்லது 86,000 பவுண்டு எடைக்கு மேல், அதாவது சுமார் 39 டன்னுக்கு மேல் இருக்கும் விமானத்தை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது. எத்தனை சின்ன விமானங்கள் இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. விமானத்தின் அளவை முடிவுசெய்வது எஞ்சினியர் மட்டுமல்ல, தொழிலாளர் ஒப்பந்தமும்தான்! இந்த எடைக்குள் அடங்காததால் எம்ப்ரேயரின் புதிய இ-175 இ-2 ரக விமானத்தை அமெரிக்கப் பிராந்தியக் கம்பெனிகள் வாங்க முடியவில்லை. புதிய எஞ்சின் எடை கூடியதே காரணம். நம்ம மெக்கானிக்கல் பசங்க கவனிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் கடன், அப்புறம் மணிக்கணக்கு

இப்போது வேலைக்கு ஆள் எடுக்கிற முறைக்கு வருவோம். அமெரிக்காவில் பைலட் ஆவதற்குப் பெரும்பாலானவர்கள் தனியார் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறார்கள். சாதாரண லைசென்ஸ், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, 250 மணி நேரப் பறப்புடன் வணிக லைசென்ஸ், இரட்டை எஞ்சின் தகுதி என்று வரிசையாக ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்று செலவு ஒரு லட்சம் டாலரைத் தொட்டுவிடும். பலருக்கு அது கடன்தான்.

முன்பெல்லாம் சட்டப்படி 250 மணி நேரமும் வணிக லைசென்சும் இருந்தாலே கோ-பைலட் இருக்கையில் உட்காரலாம். 2007-ஐ ஒட்டி ஆள் தட்டுப்பாடு வந்தபோது, சில பிராந்தியக் கம்பெனிகள் 300 மணி நேரம்கூட நிரம்பாதவர்களை வேலைக்கு எடுத்தன. இப்போது அப்படி முடியாது. 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவ பைலட்டாக இருந்தவருக்கு 750, விமானத்துறையில் பட்டம் பெற்றவருக்கு 1,000, இரண்டாண்டுப் படிப்பு முடித்தவருக்கு 1,250 என்று சலுகை உண்டு.

250-க்கும் 1,500-க்கும் நடுவில் இருக்கும் 1,250 மணி நேரத்துக்கு என்ன செய்வது? பெரும்பாலானோர் தாங்கள் படித்த பள்ளியிலேயே வாத்தியாராகிறார்கள். இன்னும் சிலர் விளம்பரத் துணியை வாலில் கட்டிக்கொண்டு கடற்கரையோரம் பறக்கிறார்கள். பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிப் போகிறார்கள். எண்ணெய்க் குழாய்ப் பாதையை மேலிருந்து பார்வையிடுகிறார்கள். மாதம் 80 மணி நேரம் கிடைத்தால்கூடப் பதினாறு மாதம் ஆகும். அந்த வருமானத்தில் கடன் வட்டி கட்டுவதே பெரும்பாடு.

கதவு மூடினால்தான் மீட்டர் ஓடும்

இனிமேல்தான் முக்கியமான கணக்கு. எங்க அப்பா லாரி டிரைவர். நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதுபோக பேட்டா. லோடு ஏற்ற இரண்டு நாள் காத்துக் கிடந்தாலும் அந்த இரண்டு நாளுக்குக் கூலி இல்லை. அமெரிக்க பைலட் சம்பளமும் கிட்டத்தட்ட இதே மாதிரி என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

விமானத்தின் கதவு மூடி, பிரேக் விட்டு, நகர ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து, போய்ச்சேர்ந்து நிற்கிற நிமிஷம்வரைதான் பைலட்டுக்குச் சம்பள மணி. இதை "பிளாக் நேரம்" என்கிறார்கள். அதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பது, வானிலை படிப்பது, பயணிகள் ஏறக் காத்திருப்பது, இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது, எதற்கும் அந்த மீட்டர் ஓடாது. பன்னிரண்டு மணி நேரம் சீருடையில் இருந்தால் ஐந்தோ ஆறோ மணி நேரம்தான் சம்பளக் கணக்கில் ஏறும். வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரத்துக்கு மணிக்கு ஒன்றரை இரண்டு டாலர் பேட்டா தனி.

ஒரு மாதத்துக்குக் குறைந்தது 75 மணி நேரச் சம்பளம் என்று உத்தரவாதம் கொடுப்பது பொதுவான வழக்கம். 2000-களின் தொடக்கத்தில் பல பிராந்தியக் கம்பெனிகளில் முதல் வருஷ கோ-பைலட்டுக்கு மணிக்கு 20 டாலரை ஒட்டித்தான் கொடுத்தார்கள். நீங்களே பெருக்கிப் பாருங்கள். 75-ஐ 12-ஆல் பெருக்கினால் 900 மணி. 900-ஐ 20-ஆல் பெருக்கினால் 18,000 டாலர். இதில் வரி, வாடகை, படிப்புக் கடன் எல்லாம் போக வேண்டும். "மணிக்கு 20 டாலர்" என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை மணி என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படுகிறது!

சேர்ந்த தேதியே தலையெழுத்து

பைலட் உலகத்தில் எல்லாமே சீனியாரிட்டிதான். நல்லா ஓட்டுகிறவன், சுமாராக ஓட்டுகிறவன் என்ற பேதம் சம்பளத்தில் இல்லை. வேலையில் சேர்ந்த தேதியை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். எந்த ஊரில் வேலை, எந்த விமானம், எந்த நாள் லீவு, தீபாவளி மாதிரி அவர்களுக்கு வரும் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்கலாமா கூடாதா, எப்போது கேப்டன் ஆகலாம் எல்லாவற்றையும் முடிவுசெய்வது அந்த நம்பர். மேலே இருக்கிறவர் எடுத்தது போக மிச்சம்தான் கீழே இருக்கிறவருக்கு.

இதில் நல்லதும் உண்டு. மேலதிகாரிக்குக் காக்காய் பிடிக்க வேண்டியதில்லை. "பனி அதிகமாக இருக்கிறது, விமானத்தை எடுக்க மாட்டேன்" என்று ஒரு கேப்டன் சொன்னால், அந்தக் கோபத்தில் அவருடைய பதவி உயர்வை யாரும் நிறுத்த முடியாது. பாதுகாப்புக்கு இது ஒரு கவசம்.

ஆனால் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. அந்த நம்பர் அந்தக் கம்பெனிக்குள் மட்டும்தான் செல்லும். பதினைந்து வருஷம் கேப்டனாக இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போனால், நேற்றுச் சேர்ந்த பையனுக்குப் பின்னால், கடைசி நம்பரில் நிற்க வேண்டும். தானாகப் போனாலும் அப்படித்தான், கம்பெனி மூடிப் போனாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

கோமேர் என்ற கம்பெனியை எடுத்துக்கொள்வோம். டெல்டாவுக்குச் சொந்தமான பிராந்தியக் கம்பெனி அது. 2001 மார்ச்சில் அதன் பைலட்டுகள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 89 நாள் நீடித்தது. அமெரிக்காவில் பைலட்டுகள் நினைத்தவுடன் வேலைநிறுத்தம் செய்துவிட முடியாது. ரயில்வேக்காக 1926-இல் போட்ட சட்டத்தை 1936-இல் விமானத்துக்கும் விரித்தார்கள். அதன்படி நீண்ட சமரசப் பேச்சு முடிந்து, அரசு அமைப்பு விடுவித்தால்தான் நிறுத்த முடியும். அத்தனையும் தாண்டி நிறுத்தி, ஓரளவு உயர்வும் வாங்கினார்கள். பிறகு நடந்தது என்ன? சின்ன ஜெட் வேலைகள் மெல்ல மெல்ல மற்ற கம்பெனிகளுக்குப் போயின. 2012 செப்டம்பரில் கோமேர் மூடப்பட்டது. எத்தனையோ வருஷம் சேர்த்துவைத்த நம்பர் ஒரே நாளில் செல்லாக் காசு ஆனது. 2020 ஏப்ரலில், கொரோனா வந்தபோது, கம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் இதே போல மூடின.

வீடு ஓர் ஊரில், வேலை ஓர் ஊரில்

புதிதாகச் சேர்ந்தவருக்கு நிலையான அட்டவணை கிடைக்காது. "ரிசர்வ்" என்று வைப்பார்கள். போன் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நம்ம பஸ் டிப்போவில் ஸ்பேரில் உட்கார்ந்திருப்பது மாதிரி. வேலை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் தூரமாகப் போக முடியாது.

அதுவும் எந்த ஊரில்? நியூயார்க், வாஷிங்டன் போன்ற வாடகை அதிகமான ஊர்களில். கம்பெனி இன்றைக்கு ஓர் ஊரில் தளம் திறக்கும், ஒப்பந்தம் மாறினால் நாளைக்கு மூடும். ஒவ்வொரு முறையும் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதனால் பலர் வீட்டைச் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டு, காலியாக இருக்கும் சீட்டில் இலவசமாகப் பறந்து வேலைக்கு வருகிறார்கள். சீட் கிடைக்காவிட்டால் அடுத்த விமானம். வந்து இறங்கியபின் தங்குவதற்கு, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில் போட்டுக்கொள்கிறார்கள். "கிராஷ் பேட்" என்று பெயர். நம்ம ஊரில் பேச்சிலர் ரூம் என்போமே, அதேதான். அதற்கும் காசில்லாதவர்கள் விமான நிலையத்தில் ஊழியர் அறை சோபாவில் படுத்துவிடுவார்கள். கம்பெனி விதிகள் அதை அனுமதிக்காது. ஆனாலும் நடந்தது.

2009 பிப்ரவரி 12

அன்று இரவு நியூயார்க் அருகே நெவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. வாலில் "கான்டினென்டல் கனெக்‌ஷன்" என்ற பெயர். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சின்னக் கம்பெனி. விமானம் க்யூ-400 ரகம், புரொப்பெல்லர் வகை. பஃபலோவை நெருங்கும்போது வேகம் குறைந்துகொண்டே போனதை இரண்டு விமானிகளும் கவனிக்கவில்லை. "வேகம் போதாது" என்று எச்சரிக்க, கையிலிருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டே நடுங்கும். அந்த நேரத்தில் மூக்கைக் கீழே இறக்க வேண்டும். கேப்டன் மேலே இழுத்தார். இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மீது விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும், ஆக 50 பேர் இறந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கேப்டனின் தவறான செய்கையே விபத்துக்குக் காரணம் என்று முடிவு சொன்னது. ஆனால் விசாரணையில் வெளிவந்த மற்ற விஷயங்கள்தான் நாட்டையே உலுக்கின. 24 வயதே ஆன கோ-பைலட் நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து, இரவு முழுக்க சரக்கு விமானங்களில் மாறி மாறி வந்து அன்று காலைதான் நெவார்க்கில் இறங்கியிருந்தார். சரியான படுக்கையில் தூங்கவில்லை. சளி வேறு. உடம்பு சரியில்லை என்று அங்கே லீவு சொன்னால் ஓட்டல் செலவு தன் தலையில் விழும் என்று அவர் பேசியது ஒலிப்பதிவில் இருந்தது. கேப்டன் குடியிருந்தது ஃபுளோரிடாவில். முந்தைய இரவுகளில் ஒன்றை ஊழியர் அறையில் கழித்திருந்தார். நெவார்க் தளத்தில் இருந்த கோல்கன் பைலட்டுகள் 137 பேரில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் என்பதும் தெரியவந்தது. களைப்பு இருந்திருக்கும், ஆனால் அது எவ்வளவு தூரம் காரணம் என்று அளந்து சொல்ல முடியாது என்றது வாரியம்.

இறந்தவர்களின் குடும்பத்தினர் சும்மா இருக்கவில்லை. கையில் படங்களோடு வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 2010 ஆகஸ்டில் புதிய சட்டம் வந்தது. அதன் பலனாக 2013-இல் 1,500 மணி நேர விதி அமலுக்கு வந்தது. 2014 ஜனவரியில் ஓய்வு விதி மாறியது. இரண்டு வேலை நாளுக்கு நடுவில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பு. வாரத்தில் ஒருமுறை தொடர்ச்சியாக 30 மணி நேரம் விடுப்பு. ஆனால் இந்த விதி சரக்கு விமானங்களுக்குக் கட்டாயமில்லை என்று விலக்கிவிட்டார்கள். தூக்கம் மனுஷனுக்கு மனுஷன் மாறுமா என்ன? வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பயணத்தையும் விதி கணக்கில் எடுக்கவில்லை. களைப்பில்லாமல் வருவது பைலட்டின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது.

1,500 மணி நேர விதி பற்றி இன்றைக்கும் சண்டைதான். கோல்கன் விமானத்தில் இருந்த கேப்டனுக்கு மூவாயிரம் மணி நேரத்துக்கு மேலும், கோ-பைலட்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேலும் அனுபவம் இருந்தது. "அப்புறம் இந்த விதி அந்த விபத்தைத் தடுத்திருக்குமா?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். "சின்ன விமானத்தில் வட்டமடித்து மணி சேர்ப்பதைவிட நல்ல பயிற்சியே முக்கியம்" என்கிறார்கள். 1931-இல் தொடங்கிய ஆல்பா என்ற பைலட் சங்கமும், இறந்தவர்களின் குடும்பங்களும் "விதி வந்தபிறகு விபத்துகள் எவ்வளவு குறைந்தன பாருங்கள், அதில் கை வைக்காதீர்கள்" என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த விதி செய்த பெரிய வேலை வேறு. கம்பெனி வாசலில் நின்ற நீண்ட வரிசையை அது குறைத்தது. வரிசை குறைந்ததும் கூலி பேசும் பலம் பைலட் பக்கம் வந்தது.

ஆள் கிடைக்கவில்லை என்றதும் காசு கிடைத்தது

அது உடனே நடக்கவில்லை. 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கினார்கள். ஐந்து வருஷம் மேலே இருந்து யாரும் இறங்கவில்லை, கீழே இருந்தவர் ஏறவும் இல்லை. 2012 டிசம்பருக்குப் பிறகு மூத்தவர்கள் ஓய்வுபெற ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகள் பிராந்தியக் கம்பெனி பைலட்டுகளை இழுத்தன. கீழே புதிதாக வர ஆள் இல்லை. 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் கம்பெனி திவால் மனு போட்டது. பைலட் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றதும் அதற்கு ஒரு காரணம். வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் என்ற கம்பெனி, 19 சீட் விமானத்தில் பத்து சீட்டைக் கழற்றிவிட்டு 9 சீட்டோடு ஓட்டிப் பார்த்தது. 9 சீட் என்றால் 1,500 மணி நேர விதி பொருந்தாது! அந்தத் தந்திரமும் ரொம்ப நாள் தாங்கவில்லை. 2018 மார்ச்சில் பறப்பதை நிறுத்தியது.

2020-இல் கொரோனா. பறக்க ஆளே இல்லாததால் பெரிய கம்பெனிகள் பணம் கொடுத்து மூத்த பைலட்டுகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பின. டெல்டாவில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வருஷமே கூட்டம் திரும்பி வந்தது. பைலட் இல்லை! 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் பறந்துகொண்டிருந்த 29 சின்ன ஊர்களை விட்டு விலகப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது.

2022 ஜூனில்தான் அந்தத் திருப்பம். அமெரிக்கன் குழுமத்தைச் சேர்ந்த என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. மூன்றும் முதல் வருஷ கோ-பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. கேப்டனுக்கு 146 டாலரிலிருந்து தொடக்கம். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பழைய பெருக்கலையே போடுங்கள். 900 மணி, 90 டாலர், மொத்தம் 81,000 டாலர். அதே விமானம், அதே வேலை. "இதற்கு மேல் கொடுத்தால் கட்டுபடியாகாது" என்று இருபது வருஷம் சொன்னவர்கள் சில மாதங்களில் கொடுத்தார்கள்.

ஆனால் அத்தோடு கதை சுபம் இல்லை. கேப்டன் ஆக வேண்டுமானால் விமானக் கம்பெனியில் கோ-பைலட்டாக 1,000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அனுபவமுள்ள கேப்டன்களைப் பெரிய கம்பெனிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மீதி இருந்தது புது கோ-பைலட்டுகள். கேப்டன் இல்லாமல் அவர்கள் பறக்க முடியாது. பறக்காமல் 1,000 மணி சேராது. 1,000 மணி சேராமல் கேப்டன் ஆக முடியாது. கிணற்றில் விழுந்த தவளை போலச் சுற்றிச் சுற்றி அங்கேயே! ரிசர்வில் உட்கார்ந்து மாதம் முழுக்கச் சில நாள்தான் பறந்தவர்கள் உண்டு. 2022, 2023 இரண்டும் பெரிய கம்பெனிகள் ஆள் எடுத்ததில் சாதனை வருஷங்கள். 2024-இல் புது விமானங்கள் வருவது தாமதமாகி, ஆள் எடுப்பு வேகம் குறைந்தது. கடன் வாங்கிப் படித்து 1,500 மணி நேரம் முடித்தவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். அதே வருஷம் ஓய்வு வயதை 67 ஆக்கலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச்சு வந்து, கடைசியில் சட்டத்தில் சேரவில்லை.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். எங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது வேலை கிடைக்குமா என்பது ஒன்றுதான் நம் கேள்வியாக இருக்கும். ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர், ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை என்று சந்தோஷமாகப் போனார். வாசலில் பெரிய கம்பெனி போர்டு, யூனிபாரத்திலும் அதே பெயர். முதல் மாதம் சம்பளச் சீட்டு வந்தபோதுதான் அது ஒரு கான்ட்ராக்டர் பெயரில் இருப்பதைப் பார்த்தார். அவர் செய்யும் அதே வேலையைச் செய்த பக்கத்து மெஷின்காரருக்குச் சம்பளம் வேறு.

அமெரிக்க பைலட் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்விகள் நான்கு. கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்டுவிடுவோம்.

ஒன்று: சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும்? போர்டில் உள்ள பெயரா, வேறு பெயரா?

இரண்டு: எந்த நேரத்துக்குச் சம்பளம், எந்த நேரத்துக்கு இல்லை? ஓவர்டைம் எப்படி? பஸ்ஸில் போய்வரும் நேரம் எவ்வளவு? நைட் ஷிப்ட் முடிந்து தூங்க எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

மூன்று: இங்கே சேர்க்கும் அனுபவம் வெளியே செல்லுமா? பைலட்டின் சீனியாரிட்டி நம்பர் வெளியே செல்லாது, ஆனால் அவருடைய பறப்பு மணிக் கணக்குப் புத்தகம் உலகம் முழுக்கச் செல்லும். நமக்கும் அப்படி ஒரு புத்தகம் வேண்டும். எந்த மெஷினில் வேலை பார்த்தோம், எதைப் பழுது நீக்கினோம் என்று நாமே எழுதி வைத்துக்கொள்வோம். அப்ரன்டிஸ் முடித்தால் சான்றிதழைக் கேட்டு வாங்குவோம்.

நான்கு: கடன் வாங்கி மேற்படிப்போ பயிற்சியோ சேருமுன், இன்றைக்கு இருக்கும் கிராக்கி நாம் முடித்து வெளியே வரும்போதும் இருக்குமா? ஆள் தேவை ஏறும், இறங்கும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

களைத்துப்போன ஒரு பைலட்டின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பல பேர். தூங்காத லாரி டிரைவர் எதிரே வருவது ஒரு பஸ். நாளைக்கு நம் கையில் ஒரு கிரேனோ, பாய்லரோ, ஹை-வோல்டேஜ் லைனோ இருக்கும். அதன் அடியில் நாலு பேர் நிற்பார்கள். ஒரு தொழிலாளியின் கூலியும் தூக்கமும் அவனுடைய சொந்த விஷயம் மட்டுமல்ல என்பதை ஐம்பது உயிரைக் கொடுத்துத்தான் அமெரிக்கா சட்டமாக எழுதியது. நாம் அதை ஒரு கட்டுரையைப் படித்தே தெரிந்துகொள்வோமே!

இன்டர்வியூவுக்குப் போகும் எல்லா நண்பர்களுக்கும் என் வாழ்த்துகள். ஆர்டர் கையில் வந்ததும் சந்தோஷப்படுவோம். கூடவே கடைசிப் பக்கம்வரை படிப்போம்!